தனியாக ஓடிப் பழகியவர் கூட்டத்தில் ஓடக் கற்ற கதை

2024 ஆகஸ்ட் 8, நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி இருக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிப் போட்டியைப் பார்க்க முழித்திருந்தேன். இந்தியாவின் அவினாஷ் சாப்ளே 8 நிமிடம் 14.18 விநாடியில் ஓடிப் பதினோராவது இடத்தில் வந்தார். மறுநாள் காலை டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார்: "பதினொண்ணாவது வந்ததைப் பார்க்கவா ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தீங்க?"

கேள்வி நியாயமானதுதான். பதக்கம் வந்தால்தான் ஒரு ஓட்டக்காரரின் பெயர் நமக்குப் பத்திரிகையில் தெரியவரும். ஆனால் சாப்ளேயின் கதையைப் பதக்கக் கணக்கில் மட்டும் படித்தால் அதில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால் முதலில் இந்த ஓட்டம் என்ன மாதிரியானது என்று தெரிய வேண்டும்.

ஸ்டீபிள்சேஸைத் 'தடை தாண்டும் ஓட்டம்' என்று எழுதுகிறோம். அப்படி எழுதும்போது 110 மீட்டர் தடை ஓட்டம்தான் மனதில் வருகிறது. இரண்டும் வேறு வேறு. அந்தக் குறுகிய ஓட்டத்தில் தடை மெலிதானது, கால் பட்டால் சாய்ந்துவிடும், ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை உண்டு. ஸ்டீபிள்சேஸில் தடை என்பது 80 கிலோவுக்கும் குறையாத ஒரு கனமான உத்திரம். கால் இடித்தால் அது அசையாது, ஓடுகிறவர்தான் விழ வேண்டும். ஆண்களுக்கு அதன் உயரம் 91.4 சென்டிமீட்டர். தனிப் பாதை கிடையாது. பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே உத்திரத்தை நோக்கிப் பாய்கிறார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தண்ணீர்க் குழி வேறு. தடையை ஒட்டி ஆழமாகத் தொடங்கி, போகப்போக மேடேறித் தரையோடு சேரும் குழி அது. உத்திரத்தின் மேல் ஒரு காலை வைத்து உந்தி, ஆழம் குறைந்த இடத்தில் போய் இறங்க வேண்டும். உந்தல் கொஞ்சம் குறைந்தால் முழங்கால் வரை தண்ணீர், கூடவே வேகமும் போய்விடும். மொத்தம் 28 சாதாரணத் தடைகள், 7 தண்ணீர்க் குழிகள். முப்பத்தைந்து முறை தாவுகிறவர் நடுவில் ஒரு நெடுந்தூர ஓட்டத்தையும் ஓடி முடிக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது பிறந்தது. ஒரு ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தைக் குறி வைத்து, வேலியும் ஓடையும் தாண்டிக் குதிரையில் போகும் பந்தயத்தை மனிதர்கள் காலால் ஓடிப் பார்த்தார்கள். ஸ்டீபிள் என்றால் அந்தக் கோபுரம். வேலி உத்திரமாயிற்று, ஓடை தண்ணீர்க் குழியாயிற்று. பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும், இதை வீட்டுச் சொத்து மாதிரி வைத்திருந்தது கென்யா. 1968இல் மெக்சிகோவில் அமோஸ் பிவோட் தண்ணீரில் கால் நனையாமலே குழியைத் தாண்டித் தாண்டித் தங்கம் வாங்கினார். அன்றிலிருந்து 2016 வரை, கென்யா புறக்கணித்த 1976, 1980 இரண்டையும் விட்டுவிட்டால், ஆண்கள் ஒலிம்பிக் தங்கம் முழுக்க அவர்களுடையதுதான். டோக்கியோவில்தான் மொராக்கோவின் சூஃபியான் எல் பக்காலி அந்தச் சங்கிலியை அறுத்தார். பாரிஸிலும் அவருக்கே தங்கம்.

சரி, இந்த ஓட்டத்தில் இந்தியாவுக்கு என்ன இருந்தது? கோபால் சைனி 1981இல் டோக்கியோவில் ஓடிய 8:30.88 என்ற நேரம் இருந்தது. அது தேசிய சாதனையாக 37 வருடம் நின்றது. ஒரு சாதனை 37 வருடம் நிற்கிறது என்றால், சைனியைப் பெருமையாகச் சொல்லலாம். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நாடு என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஸ்டீபிள்சேஸில் 1952இல் குல்ஸாரா சிங் மான் ஓடியதுதான் கடைசி. இந்த வெற்றிடத்தில்தான் சாப்ளே வந்து நிற்கிறார்.

1994 செப்டம்பர் 13இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், ஆஷ்டி தாலுகாவைச் சேர்ந்த மாண்ட்வா கிராமத்தில் பிறந்தவர். மழை பொய்க்கும் பூமி அது. கரும்பு வெட்ட ஆண்டுதோறும் ஊரே கிளம்பிப் போகும் மாவட்டம் என்று பீட்டுக்குப் பெயர் உண்டு. பெற்றோர் சிறு விவசாயிகள், செங்கல் சூளையிலும் வேலை செய்தவர்கள். பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர் தள்ளி, பஸ் கிடையாது. பையன் நடந்தும் ஓடியும் போய் வந்தான்.

இந்த ஆறு கிலோமீட்டரை வைத்துத்தான் அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளிக்கு ஓடிப்போன பிள்ளைகள் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரும் ஓட்டக்காரர் ஆகவில்லை. சாப்ளேயும் அதனால் ஆகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டுமென்று ராணுவத்தில் சேர்ந்தார். மகார் படைப்பிரிவின் 5ஆவது பட்டாலியன். 2013-14இல் சியாச்சின் பனிமலையில் பணி, பிறகு ராஜஸ்தான் பாலைவனம், அதன் பின் சிக்கிம். 2015 வரை அவர் போட்டி ஓட்டக்காரரே கிடையாது. அந்த வருடம் ராணுவத்துக்குள் நடந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில்தான் முதல் தடவை இறங்கினார். அப்போது வயது இருபதைத் தாண்டியிருந்தது. கென்யாவில் அந்த வயதில் உலகப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் சாப்ளேயை உருவாக்கியது வறுமை என்று சொல்வதைவிட ராணுவம் என்று சொல்வதே சரியாக இருக்கும். மூன்று வேளைச் சாப்பாடு, மாதச் சம்பளம், காலையில் ஓடியே தீர வேண்டும் என்ற ஒழுங்கு, திறமை தெரிந்தால் தனியாகப் பயிற்சிக்கு அனுப்பும் ஏற்பாடு, எல்லாம் அங்கே இருந்தன. இந்தியாவின் நெடுந்தூர ஓட்டம் பல பத்தாண்டுகளாக ராணுவத்தின் முதுகில்தான் ஏறி வருகிறது. 2017இல் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய நம் புதுக்கோட்டை கோ. லட்சுமணனும் ராணுவத்துக்காரர்தான்.

சாப்ளேயிடம் ஸ்டீபிள்சேஸ்காரர் ஒருவர் ஒளிந்திருப்பதைப் பார்த்தவர் ராணுவப் பயிற்சியாளர் அம்ரிஷ் குமார். இடையில் காயத்தால் ஓடாமல் இருந்த காலத்தில் சாப்ளேயின் உடல் எடை ஏறியிருந்தது. மூன்று மாதத்தில் 20 கிலோ இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். 2017இல் அம்ரிஷ் குமார் சொன்னதன் பேரில் தடைகளின் பக்கம் வந்தார். தேசிய முகாமில் பெலாரஸ் நாட்டுப் பயிற்சியாளர் நிகோலாய் ஸ்னெசரெவிடம் கொஞ்ச காலம் இருந்தார். அந்தப் பயிற்சி முறை ஒத்துவராமல் மறுபடி அம்ரிஷ் குமாரிடமே போனார். 2018 ஆசிய விளையாட்டுக்குக் கணுக்கால் காயத்தால் போக முடியவில்லை. அதே வருடம் புவனேஸ்வரில் நடந்த தேசிய ஓபன் போட்டியில் 8:29.80 ஓடினார். சைனியின் 37 வருடச் சாதனை உடைந்தது.

அதற்கப்புறம் வந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2019இல் பாட்டியாலாவில் 8:28.94. அதே வருடம் தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை: தகுதிச் சுற்றில் 8:25.23, இறுதியில் 8:21.37. 2021இல் பாட்டியாலாவில் 8:20.20, டோக்கியோ ஒலிம்பிக்கில் 8:18.12. 2022இல் திருவனந்தபுரத்தில் 8:16.21, உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள் மோதும் டைமண்ட் லீக் தொடரின் ரபாத் போட்டியில் 8:12.48, பர்மிங்ஹாமில் 8:11.20. கடைசியாக 2024 ஜூலையில் பாரிஸ் டைமண்ட் லீகில் 8:09.91. 2018 புவனேஸ்வரையும் சேர்த்துப் பத்து முறை தேசிய சாதனை. சைனியின் நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் 20.97 விநாடி குறைந்திருக்கிறது. அந்த வேகத்தில் ஓடுகிறவருக்கு அது நூற்றிருபது மீட்டருக்கும் மேல். அதாவது, சைனியும் சாப்ளேயும் அவரவர் உச்சத்தில் ஒன்றாக ஓடியிருந்தால், ஒருவர் கோட்டைத் தொடும்போது மற்றவர் கடைசி வளைவுக்குள் இருந்திருப்பார்.

இந்தப் பத்துத் தடவையும் செய்தித் தலைப்பு ஒன்றேதான்: 'மீண்டும் தேசிய சாதனை'. அவருடைய புகழ் முதலில் இப்படித்தான் வளர்ந்தது. தன் சாதனையைத் தானே உடைத்துக்கொண்டிருப்பவர் என்ற பெயர். பெருமையான பெயர்தான். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் இருந்தது.

இந்தியாவில் அவருக்குப் பக்கத்தில் ஓட ஆள் இல்லை. துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போய்விடுவார், சில சுற்றுகளில் பின்னால் யாரும் தெரிய மாட்டார்கள். முன்னால் யாரும் இல்லாதபோது உத்திரம் நன்றாகத் தெரியும், அடிகளை எண்ணிக் கால் வைக்கலாம், குழியில் இறங்கும் இடத்தைத் தானே முடிவு செய்யலாம். உலகப் போட்டியில் அது எதுவும் கிடைக்காது. முன்னால் நான்கு முதுகுகள். உத்திரம் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பக்கத்தில் ஒருவர் முழங்கையை நீட்டுவார். ஒருவர் தடுமாறினால் பின்னால் மூன்று பேர் தடுமாறுவார்கள். கூட்டம் ஒரு சுற்று மெதுவாகப் போய், அடுத்த சுற்றில் திடீரென்று பாயும். கடிகாரத்தோடு ஓடிப் பழகிய காலுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய தண்டனை.

தோஹாவில் அவருக்கு நடந்தது இதுதான். தகுதிச் சுற்றில் மற்றவர்கள் தடுமாறியதில் இரண்டு முறை மாட்டிக்கொண்டார். முன்னேற முடியாமல் போயிற்று. இந்திய அணி முறையிட்டது, நடுவர்கள் ஏற்றுக்கொண்டு இறுதிப் போட்டியில் கூடுதலாக ஓர் இடம் கொடுத்தார்கள். அங்கே பதிமூன்றாவது வந்து ஒலிம்பிக் தகுதியையும் வாங்கினார். டோக்கியோவில் விதி வேறு மாதிரி விளையாடியது. 8:18.12 ஓடியும் தன் பிரிவில் ஏழாவது, இறுதிக்கு இடமில்லை. மெதுவாகப் போன இன்னொரு பிரிவில், அவரைவிட அதிக நேரம் எடுத்தவர்கள் முதல் மூன்று இடங்களில் வந்து உள்ளே போனார்கள். நேரத்துக்கு மரியாதை இல்லையா என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. இப்போது யோசித்தால், ஸ்டீபிள்சேஸ் அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: இங்கே கடிகாரத்தை ஜெயித்தால் போதாது, பக்கத்தில் ஓடுகிறவனை ஜெயிக்க வேண்டும்.

அந்தப் பாடத்தைக் கற்கத்தான் 2022இல் அமெரிக்காவுக்குப் போனார். கொலராடோ ஸ்பிரிங்ஸின் உயரத்தில், பயிற்சியாளர் ஸ்காட் சிம்மன்ஸிடம், தன்னைவிட வேகமானவர்கள் இருக்கும் குழுவில் பயிற்சி. தடையே இல்லாத ஓட்டங்களிலும் இறங்கினார். அந்த மே மாதம் 5000 மீட்டரை 13:25.65இல் ஓடி, பகதூர் பிரசாத் 1992இல் வைத்த 30 வருடச் சாதனையை உடைத்தார். (அதற்கு முன்பே, 2020 நவம்பரில் டெல்லி அரை மாரத்தானை 1 மணி 30 விநாடியில் ஓடியிருந்தார். 61 நிமிடத்துக்குள் அதை ஓடிய முதல் இந்தியர்.) ஜூலையில் யூஜின் உலக சாம்பியன்ஷிப்பில், மெதுவாகப் போய்க் கடைசியில் பாய்ந்த ஓர் இறுதிப் போட்டியில் பதினோராவது. நேரம் 8:31.75. பாடம் இன்னும் முடியவில்லை.

மூன்றே வாரம் கழித்து பர்மிங்ஹாம்.

2022 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை. காமன்வெல்த் விளையாட்டில் 1998 முதல் 2018 வரை ஆறு போட்டிகளிலும் ஆண்கள் ஸ்டீபிள்சேஸின் மூன்று பதக்கமும் கென்யர்களுக்குத்தான். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும். மேடையில் வேறு நாட்டுக் கொடி ஏறி இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. அன்றும் மூன்று கென்யர்கள் முன்னால்: ஆபிரகாம் கிபிவோட், அமோஸ் செரெம், 2016 ஒலிம்பிக் சாம்பியன் கான்செஸ்லஸ் கிப்ருட்டோ. சாப்ளே நான்காவதாக அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினார். அவசரப்படவில்லை, முன்னால் பாயவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. கிப்ருட்டோ சோர்ந்து பின்னால் போனார். கடைசிச் சுற்றில் சாப்ளே செரெமைத் தாண்டினார். கடைசித் தடைக்கு அப்புறம் கிபிவோட்டின் தோளுக்குத் தோள் வந்துவிட்டார். வெண்கலப் பதக்கம் வாங்கிய செரெம் கோட்டைத் தொடுவதற்கு முன் இன்னும் ஐந்து விநாடி போக வேண்டியிருந்தது. இங்கே இருவர் மட்டும் முறுக்கிக்கொண்டு வந்தார்கள். கிபிவோட் 8:11.15. சாப்ளே 8:11.20.

ஐந்தில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை, வெறும் 0.05. தரையில் அளந்தால் ஒரு அடி, கொஞ்சம் கூட.

அவருடைய புகழ் அன்றைக்குத்தான் நிறம் மாறியது என்று நினைக்கிறேன். தேசிய சாதனைச் செய்தி விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் முடியும். இந்த ஓட்டத்தின் கடைசி நூறு மீட்டர் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போயிற்று. ஸ்டீபிள்சேஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் அதைப் பார்த்தார்கள். காரணம் எளிது. 8:11 நல்ல நேரமா என்று சாதாரணமாகப் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆனால் கென்யக்காரர் பக்கத்தில் ஒரு இந்தியர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது யாருக்கும் புரியும். அதற்கு விளக்கம் வேண்டாம். அந்த ஆண்டு அர்ஜுனா விருதும் வந்தது.

புகழ் ஏறினாலும் ஏணி நேராக ஏறவில்லை. 2023இல் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் புது விதி: ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஐந்து பேருக்கு மட்டும்தான் இறுதி, நேரத்தை வைத்து யாரும் உள்ளே வர முடியாது. ஒரு மாதம் முன்புதான் போலந்தின் சிலேசியாவில் 8:11.63 ஓடியிருந்தவர், இங்கே 8:22.24இல் ஏழாவது வந்து வெளியேறினார். பர்மிங்ஹாமில் கொண்டாடியவர்கள் பலர் அன்றைக்குக் கைவிட்டார்கள். ஆறு வாரத்தில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு. அங்கே தன் பழைய பாணிக்கே திரும்பினார்: ஆரம்பத்திலேயே முன்னால் போய்த் தனியாக ஓடி 8:19.50. ஆசிய விளையாட்டுச் சாதனை, ஆண்கள் ஸ்டீபிள்சேஸில் இந்தியாவின் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம். மூன்று நாள் கழித்து 5000 மீட்டரில் வெள்ளி. ஆசியாவில் தனியாக ஓடி ஜெயிக்கலாம், உலகத்தில் முடியாது. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் எப்படி ஓட வேண்டும் என்று தெரிந்துவிட்ட ஓட்டக்காரர் அவர்.

இப்போது பாரிஸுக்கு வரலாம். 2024 ஜூலை டைமண்ட் லீகில் 8:09.91 ஓடியபோது அவர் ஆறாவது. 2018இல் சாதனை செய்தபோது முதலிடம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆறாவது இடத்துக்குத்தான் எடை அதிகம். முன்னால் ஐந்து பேர் இழுத்துக்கொண்டு போனதால்தான் எட்டு நிமிடம் பத்து விநாடிக்குள் நுழைய முடிந்தது. ஒலிம்பிக்கில் அதே முதல் ஐந்து விதி. புடாபெஸ்ட்டில் ஏழாவது வந்தவர் இங்கே 8:15.43இல் சரியாக ஐந்தாவது. இந்திய ஆண் ஒருவர் ஒலிம்பிக் ஸ்டீபிள்சேஸ் இறுதியில் ஓடுவது அதுவே முதல் முறை. பெண்களில் லலிதா பாபர் 2016 ரியோவிலேயே இறுதிக்குப் போய்ப் பத்தாவது வந்துவிட்டார். அவரும் மகாராஷ்டிரத்தின் வறண்ட பக்கத்துக்காரர், சதாரா மாவட்டம். அந்தப் பெண்ணின் பெயரைச் சாப்ளேயின் பெயரளவுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பாரிஸ் இறுதியில் எல் பக்காலி 8:06.05இல் தங்கம். வெண்கலம் வாங்கிய கிபிவோட்டுக்கு 8:06.47. ஆம், பர்மிங்ஹாமில் ஒரு அடியில் முந்திய அதே கிபிவோட். இரண்டு வருடம் முன்பு தோளோடு தோள் நின்றவர்களுக்கு நடுவே இப்போது எட்டு விநாடி. உலகச் சாதனைக்காரர் எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மா கடைசிச் சுற்றில் தடையில் இடித்து விழுந்து, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டார். 7:52.11 ஓடிய கால் அது. சாப்ளேயின் சிறந்த நேரத்துக்கும் அதற்கும் இடையே இன்னும் 17.80 விநாடி இருக்கிறது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. உலகப் பதக்கம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்த இறுதிக் கூட்டத்துக்குள் ஒருவராக ஓடும் இடத்துக்கு, இருபது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியவர், ஆளே இல்லாத ஒரு ஓட்டத்தில் வந்து சேர்ந்தார். டீக்கடை நண்பருக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்.

2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம், 8:20.92. ஜூலையில் மொனாக்கோ டைமண்ட் லீகில் தண்ணீர்க் குழியில் விழுந்தார். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. டோக்கியோ உலக சாம்பியன்ஷிப் போயிற்று. ஜப்பானில் நாகோயா ஆசிய விளையாட்டு 2026 செப்டம்பரில். அந்த மாதம் அவருக்கு 32 வயது. கென்யாவின் எசேகியேல் கெம்போய் 33 வயதில் உலகத் தங்கம் வாங்கியிருக்கிறார், அதனால் வயதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. முழங்காலைப் பற்றித்தான். ஆறிய முழங்காலோடு நேராக ஓடிவிடலாம், சாதாரணத் தடைகளையும் தாண்டிவிடலாம். தண்ணீர்க் குழியில் மட்டும், மேலிருந்து இறங்கும் முழு எடையையும் ஒரே கால், நனைந்த சரிவில் தாங்கியாக வேண்டும். சுற்றுக்கு ஒரு முறை, மொத்தம் ஏழு முறை.